ஒரு பார்க்குக்காகவா, உம்மா?

அன்புள்ள மகனுக்கு, உனக்கும் மருமகளுக்கும் என் பேத்திக்கும் அல்லாஹ் உடல் சுகத்தையும் மனச் சுகத்தையும் தரட்டும். நீ வந்து போன நாளிலிருந்து இதை எழுத வேண்டும் என்று இருக்கிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் ஒரு சொல் சொல்வதற்குள் நீ ஒன்பது சொல் சொல்லிவிடுவாய். அதில் நீ உன் வாப்பாவை உரித்துப் படைத்தவன். கடிதத்தில் யாரும் குறுக்கே கதைக்க முடியாது. கண்ணாடி போட்டும் எழுத்து மங்கலாகத்தான் தெரிகிறது. காலையில் கொஞ்சம், லுஹர் தொழுதுவிட்டுக் கொஞ்சம் என்று எழுதுகிறேன். முன்னுக்குப் பின் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

என்னை முழுசாகக் கூட்டிக்கொண்டு போவதென்று மன்னாரிலிருந்து வான் பிடித்து வந்தாய். அலுமாரி ஏறியது, தையல் மெசின் ஏறியது, வாப்பாவின் சாய்வுக் கதிரையும் ஏறியது. நான் மட்டும் ஏறவில்லை. ஏன் என்று கேட்டாய். வாயில் வந்ததைச் சொன்னேன்: "அங்க பின்னேரத்தில நடக்க ஒரு இடம் இல்லையே, மகன். இஞ்சயெண்டா பார்க் இருக்கு." நீ டிரைவருக்கு முன்னாலேயே சத்தம் போட்டாய். "ஒரு பார்க்குக்காகவா, உம்மா? வீடு கட்டி, கிணறு வெட்டி, ஒங்களுக்கெண்டு தனி அறையும் போட்டு வச்சிருக்கன். நாலு ஊஞ்சலும் குந்துறதுக்கு ஒரு சீமெந்து வாங்கும் உள்ள பார்க்குக்காகவா?" அந்தக் கேள்விக்குப் பதில் வாசலில் நின்று சொல்லி முடிகிற பதில் இல்லை. வான் திரும்பிப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அலுமாரி இருந்த இடத்தில் சுவர் வேறு நிறமாக இருக்கிறது. உடுப்புகளை இப்போது பெட்டியில் வைத்திருக்கிறேன்.

மகன், எனக்குக் கோபம் இல்லை, களைப்புத்தான். மன்னாரில் பிறந்து, கல்யாணம் முடித்து அங்கேயே இன்னோர் ஊருக்குப் போனேன். அங்கே வேலி கட்டி, முருங்கை வைத்து, அது காய்க்கும் முன்னே தொண்ணூறாம் ஆண்டு வந்தது. முஸ்லிம்கள் எல்லாரும் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று இயக்கம் சொல்லிவிட்டது. கையில் கிடைத்ததோடு படகில் ஏறிக் கற்பிட்டியில் இறங்கினோம். முகாமில் கிடுகுக் கொட்டில் போட்டோம். சோளகக் காற்று கூரையைப் பெயர்த்துக்கொண்டு போகப் போக, திரும்பத் திரும்ப வேய்ந்தோம். நீ பிறந்தது அப்படியொரு கொட்டிலில்தான். பிறகு இந்தப் புத்தளத்தில், மாம்புரிக்கு இந்தப் பக்கம் ஒரு துண்டுக் காணி, கல் வீடு, தண்ணீர்க் குழாய் என்று ஒவ்வொன்றாக வந்தது. இன்றைக்கு, இங்கே பிறந்த நீ "சொந்த ஊர்" என்று அங்கே போய்விட்டாய். அங்கே பிறந்த நான் இங்கேயே இருக்கிறேன் என்கிறேன். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனாலும் இன்னொரு ஊருக்கு என்னைப் பழக்கிக்கொள்ள இந்த முழங்காலுக்கும் மனதுக்கும் இனி முடியாது.

இந்த ஊர் ஆட்களைப் பற்றி நீ சொல்வதெல்லாம் எனக்குத் தெரியும். அவர்கள் நம்மை வைத்த இடமும் தெரியும். ஆனால் நீ பிறக்கும் முன் நடந்ததையும் தெரிந்துகொள். படகால் இறங்கிய அன்று எங்களுக்கு ஈர உடுப்பை மாற்ற உடுப்புத் தந்தவர்கள் இவர்கள். பள்ளிவாசலைத் திறந்துவிட்டார்கள், பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டார்கள், அண்டா அண்டாவாகக் கஞ்சி காய்ச்சினார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்பார்கள். நாங்கள் ஒரு தலைமுறை தங்கிவிட்ட விருந்தாளிகள். கிணறு அவர்களுடையது, ஆஸ்பத்திரி வரிசை அவர்களுடையது, வெங்காயத் தோட்டத்துக் கூலி வேலையும் அவர்களுடைய ஏழைகள் செய்துவந்த வேலை. எல்லாவற்றிலும் நாங்கள் போய் நின்றோம். அவர்களுக்கும் அலுத்துவிட்டது. அந்த அலுப்பில்தான் "அகதி" என்ற சொல் ஏச்சாக மாறியது. கையேந்தி நின்ற எங்களுக்கும் ரோசம் வந்தது. தந்தவர்களைக் கண்டால் முகத்தைத் திருப்பப் பழகினோம். தொழுவது ஒரே கிப்லாவைப் பார்த்து, ஒரே நோன்பு, ஒரே பாஷை. அப்படியிருந்தும் அவர்கள் பள்ளி வேறு, எங்கள் பள்ளி வேறு, பெண் கொடுத்து எடுப்பது கிடையாது.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் அந்தப் பார்க் வந்தது. களப்புத் தண்ணீர் ஓரத்தில் அவர்களின் ஊருக்கும் எங்கள் குடியிருப்புக்கும் நடுவே கிடந்த அந்த வெறும் நிலம் உனக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு பக்கத்தாரும் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அங்கே குப்பை கொட்டியதுதான். யாரோ பெரியவர்கள் திட்டம் போட்டு அதைத் துப்புரவாக்கி, சுற்றிவர நடைபாதை போட்டு, ஊஞ்சல் கட்டி, மூன்று பாஷையில் பலகையும் நட்டுவிட்டுப் போனார்கள். அது அகதிகளுக்குக் கட்டியது என்று அவர்கள் போகவில்லை. ஊராருக்குக் கட்டியது என்று நாங்கள் போகவில்லை. முதலில் போனவை கழுதைகள். புத்தளத்துக் கழுதைக்கு உள்ளூர், வெளியூர் தெரியாதே. அவை புதுப் புல்லைத் தின்று, ஊஞ்சலடியில் படுத்து, மாதக்கணக்கில் ராசா மாதிரி இருந்தன.

எங்களைப் பார்க்குக்குள் தள்ளிவிட்டது சீனி வியாதி. கிளினிக்கில் இருந்த சிங்கள டொக்டர் அம்மா மருந்துத் துண்டைத் தரும்போதெல்லாம், "நடக்க ஓணும், உம்மா. நடக்கல்லாட்டி கால் போகும்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் வெருட்டினாள். நாங்கள் எங்கே நடப்பது? கற்பிட்டி ரோட்டில் லொறி பறக்கும். ஒழுங்கைக்குள் நடந்தால் ஆம்பிளைகள் என்ன ஏது என்று பார்ப்பார்கள். அஸர் தொழுதுவிட்டு நானும் அடுத்த வீட்டு றகுமத்தும்மாவும் இன்னும் நாலைந்து பேருமாகப் பார்க்குக்குப் போனோம். எங்களில் மக்காவுக்குப் போய் உம்ரா செய்துவிட்டு வந்த ஒருத்தி இருந்தாள். கஃபாவைத் தவாபு சுற்றுவது போல நடுவை இடக்கைப் பக்கம் வைத்து நடந்தால் பழக்கமாகவும் இருக்கும், அல்லாஹ்வின் பறக்கத்தும் கிடைக்கும் என்றாள். அப்படியே நடந்தோம். ஒரு கிழமைக்குள் ஊர்ப் பெண்களும் வந்துவிட்டார்கள், அவர்களுக்கும் அதே டொக்டர் அம்மாதான். அவர்களுக்கு முன்னால் வந்தவள் ஜெஸீமா, கடைவீதியில் இரும்புக் கடை வைத்திருக்கும் வீட்டுக்காரி. எங்களை வாசலில் நின்று பார்த்துவிட்டு, எங்களுக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்: "கஃபாவத் தவிர வேற ஒண்டயும் அப்படிச் சுத்தப்படாது. நாங்க மத்தப் பக்கத்தால போவோம்." அவர்கள் மறுபக்கமாக நடந்தார்கள். றகுமத்தும்மா விடுவாளா? "அவங்க போற பக்கம்தான் கோயிலச் சுத்துற பக்கம். அதக் கேளுங்க!" என்றாள்.

இப்படித்தான் மகன், ஒருவரை ஒருவர் பார்க்கக்கூடாது என்று ஆளுக்கொரு பக்கம் நடந்தோம். பாதை வட்டம் என்பதை இரண்டு பக்கத்திலும் ஒருத்தியும் யோசிக்கவில்லை. ஒரே பக்கமாக நடந்திருந்தால் ஆயுசுக்கும் அவர்களின் முதுகைத்தான் பார்த்திருப்போம். எதிரெதிராக நடந்தால் ஒரு சுற்றில் இரண்டு தடவை முகத்துக்கு முகம் வருகிறது. முகத்துக்கு முகம் வந்தால் சலாம். சொன்ன சலாமுக்குப் பதில் சொல்லாமல் போக எந்த முஸ்லிமுக்கும் முடியாது. அதிலும் சின்னக் கூட்டம்தான் பெரிய கூட்டத்துக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று மதரசாவில் படித்திருக்கிறோமே. யார் முதலில் சொல்வது என்பதில் ஒரு போட்டி வந்துவிட்டது. அவர்களை முதலில் சொல்ல வைக்க வேண்டும் என்பதற்காகவே, கால் நோவென்று படுத்திருந்தவர்களையும் எழுப்பி இழுத்துக்கொண்டு போனோம். அடுத்த நாள் அவர்கள் மச்சாள், மதினி என்று இன்னும் நாலு பேரோடு வந்தார்கள். சிலாபத்திலிருந்து மாறி வந்த ஒரு சிங்கள ரீச்சர் அங்கே நடப்பார். ஒரு நாள் இந்தப் பக்கம் எங்களோடு, ஒரு நாள் அந்தப் பக்கம் அவர்களோடு. இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு, "எக பெத்தட்ட யன்ன பெரித?" என்று கேட்டுச் சிரித்தார், ஒரு பக்கமாகப் போக ஏலாதா என்று. 

சலாம் வந்தால் பிறகு மற்றது வராமலா இருக்கும். ஒரு நாள் ஜெஸீமா கடந்து போகும்போது, "சீனி எவ்வளவு?" என்று கேட்டாள். நான் பதில் யோசிப்பதற்குள் போய்விட்டாள். களப்புப் பக்கம் மறுபடி எதிரே வந்தபோது சொன்னேன். "எனக்கு அதவிடக் கூட" என்றாள். அதற்கு நான் சொல்ல இருந்ததை ஊஞ்சலடியில் சொன்னேன். நின்று கதைத்திருக்கலாம். ஆனால் முதலில் நிற்பது யார்? இரண்டு பேரும் நிற்கவில்லை. வருடக்கணக்காக அப்படித்தான் கதைத்தோம், வெந்தயத்தை ஊறவைப்பதா வறுப்பதா, மருமகள்மார், மூட்டு நோவு, எல்லாம் துண்டு துண்டாக. அரைச் சுற்று நடந்து அடுத்த சொல்லுக்குப் போவதால் கோபத்தில் சொல்ல இருந்ததும் வழியிலேயே ஆறிவிடும். இந்த ஊரில் அக்காவைத் தாத்தா என்பார்கள். எப்போதிலிருந்து அவள் என்னைத் தாத்தா என்று கூப்பிடத் தொடங்கினாள் என்று நினைத்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

இனி உனக்குப் பிடிக்காத கதைக்கு வருகிறேன். அந்தப் பார்க்கில் நீங்கள் கிரிக்கெட் அடித்துக்கொண்டிருந்த பின்னேரம். பந்து யாருடையது என்று தொடங்கிய வாய்த் தர்க்கத்தில் ஒருத்தன் உன்னைப் பார்த்து, "அகதிக்கு என்னடா கிரவுண்டு?" என்றான். நீ விக்கெட் தடியைப் பிடுங்கி அவன் நெற்றியில் அடித்தாய். அவன் ரிஸ்மி, ஜெஸீமாவின் மகன். புருவத்துக்கு மேல் தையல் போட்டார்கள். நான் உன்னை அன்றைக்கு ஏசவில்லை, இன்றைக்கும் ஏச மாட்டேன். அந்தச் சொல்லை நானும் சுமந்தவள். ஆனால் நீ அடித்த இடத்திலிருந்து ஒரு விரலகலம் கீழே கண் இருந்தது. அதை மட்டும் நினைத்துக்கொள். இரண்டு பள்ளிப் பெரியவர்களும் கூடினார்கள். சண்டை வராமல் இருக்க ஒரு நாள் விட்டு ஒரு நாள், அவர்களுக்கு ஒரு நாள், எங்களுக்கு ஒரு நாள் என்று பார்க்கைப் பிரித்தார்கள். அந்தக் கொதிப்போடு நீ கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டாய். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது.

எங்கள் நாட்களில் போய் நடந்தேன். எதிரே ஒருவரும் வரவில்லை. சலாம் சொல்ல ஆள் இல்லாத அந்தச் சுற்று எவ்வளவு நீளமாக இருந்தது என்று உனக்கு எப்படிச் சொல்வது. இரண்டு சுற்றோடு களைத்து வீட்டுக்கு வந்துவிடுவேன். அப்படியிருக்க, எங்களுடைய நாள் ஒன்றில் ஜெஸீமா தனியாக வந்தாள். வாசலில் நின்ற எங்கள் பொடியன்மார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்காமல், வழக்கம்போலத் தன் பக்கத்தால் நடக்கத் தொடங்கினாள். எதிரே வந்ததும் சலாம் சொன்னாள். பதில் சொன்னேன். ஊஞ்சலடியில் கேட்டேன், "பொடியன்ட காயம் ஆறிட்டா?" களப்புப் பக்கம் பதில் வந்தது, "ஆறிட்டு. தழும்பு இருக்கும்." அடுத்த தடவை அவள், "அவன்ட வாயில வந்த சொல்லு பிழ, தாத்தா" என்றாள்.  பிறகு சொன்னேன், "என்ட மகன் தூக்கின கையும் பிழதான்." மஃரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் நடந்தோம். அடுத்த நாள் அவர்களுடைய நாளில் நான் போனேன். பெரியவர்கள் எடுத்த தீர்மானம் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. யாரும் அதை மாற்றவில்லை. பெண்கள் அதன்படி நடக்கவில்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் தேனும் பாலுமாக எடுத்துக்கொள்ளாதே. இன்றைக்கும் அவள் வீட்டுக் கல்யாணத்துக்கு எங்கள் பக்கத்துக்கு அழைப்பு வருவது குறைவு. எங்கள் வீட்டுக் காரியத்துக்கு நாங்களும் அவர்களைத் தேடிப்போவதில்லை. பார்க் வாசலைத் தாண்டினால் அவரவர் ஊர். அதற்கு மேல் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை, எதிர்பார்க்கிற வயதும் இல்லை. ஆனால் நீ அங்கே குளத்தடி வெளியைப் பற்றிச் சொன்னாய் அல்லவா? பக்கத்துத் தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் விளையாடுகிற வெளி. பிரச்சினை வரும் முன்னே நடுவால் முள்ளுக்கம்பி அடிக்கப் போகிறோம் என்றாய். வேண்டாம், மகன். அங்கே உன்னை "புத்தளத்தான்" என்று சொல்கிறார்கள் என்று மனம் நொந்து சொன்னாய். அந்த நோவோடு கம்பியைக் கையில் எடுக்காதே. சண்டை வந்தால் வரட்டும், சண்டைக்குப் பிறகு திரும்பி வர ஓர் இடம் மிஞ்ச வேண்டும். முடிந்தால் அந்த வெளியைச் சுற்றி ஒரு பாதை போட்டுவிடுங்கள். எந்தப் பக்கமாக நடப்பது என்று அவரவர் சண்டை பிடித்துக்கொள்ளட்டும்.

இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது சொல்ல வேண்டும். வாப்பா மௌத்தானபோது நீ கட்டாரில் இருந்தாய். லீவு கிடைக்கவில்லை, ஜனாஸாவை வைத்திருக்கவும் முடியாது. "பொடியன்மார் நல்லபடியா அடக்கிட்டாங்க, மகன்" என்று போனில் சொன்னேன். நீ அழுத அழுகையில் அதற்கு மேல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மையவாடியில் நடந்ததைப் பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினார் வந்து என்னிடம் சொன்னார். கபுருக் குழிக்குள் இறங்கி உடலை வாங்க மகன் நிற்க வேண்டிய இடம் அது. நம்முடைய சொந்தக்காரர் பாதிப்பேர் மன்னாருக்குத் திரும்பியிருந்தார்கள், மிஞ்சியவர்கள் குனிய முடியாத கிழவர்கள். மோதினார், "மகன்ட இடத்தில ஆர் எறங்குற?" என்று கேட்டிருக்கிறார்.  கூட்டத்தின் பின்னால் நின்ற ரிஸ்மி செருப்பைக் கழற்றிவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். உன் வாப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக் கிடத்தி, முகத்தைக் கிப்லாவுக்குத் திருப்பியவன் அவன்தான். அவன் வீட்டில்கூடச் சொல்லவில்லை. வாப்பா போன பிறகு நான் இத்தா இருந்து வெளியே இறங்காத நாட்களில் ஜெஸீமா என்னைப் பார்க்க வந்தாள், எங்கள் வாசற்படியை அவள் மிதித்தது அதுதான் முதல் தடவை. நான் சொல்லித்தான் அவளுக்கே தெரியும். அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். நின்று கதைக்கத் தெரியாத இரண்டு பேரும் அன்றைக்கு உட்கார்ந்துதான் இருந்தோம்.

ஆகவே மகன், நான் வரமாட்டேன். பெருநாளுக்கு வருவேன், பேத்தியைப் பார்க்க வருவேன், நீ கட்டிய அறையில் படுத்து எழும்பி துஆச் செய்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அலுமாரி அங்கேயே இருக்கட்டும். மருமகளிடம் சொல், இது அவள் மேல் உள்ள குறை இல்லை. என் காலம் முடிந்தால் என்னை மன்னாருக்குக் கொண்டுபோக வேண்டாம், வாப்பாவுக்குப் பக்கத்தில் அடக்குங்கள்.

ஒரு காரியத்துக்கு மட்டும் நீ வந்தாக வேண்டும். வாப்பாவுக்கு ரிஸ்மி இறங்கினான். நான் பெண், எனக்கு அவன் இறங்குவது முறையில்லை. என் கபுருக்குள் நீதான் இறங்க வேண்டும். நீ கீழே நிற்பாய். மேலே, சந்தூக்குப் பெட்டியிலிருந்து என்னைத் தூக்கி உன்னிடம் தரும் கைகளில் அவனுடைய கையும் இருக்கும். அவன் வராமல் இருக்க மாட்டான், எனக்குத் தெரியும். அந்தத் தழும்பை நீ முதன்முதலாக அன்றைக்குத்தான் பார்ப்பது என்று இருக்கக்கூடாது. நான் கண்ணோடு இருக்கும்போதே ஒரு பின்னேரம் வா. வந்து அவனோடு கதை. கதைக்க வராவிட்டால் பக்கத்தில் சும்மா நில். மேலே நின்று தருகிறவனும் கீழே நின்று வாங்குகிறவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உன் உம்மாவை இறக்க முடியாது, மகன்.